மூன்று சீசன், மூன்றிலும் 27 புள்ளி: சென்னையின் எஃப்சிக்கு ஓட்டை எங்கே?

லோகு_பெரம்பூர் எழுதியது:

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் ஆடும் நம் சென்னையின் எஃப்சி அடுத்து எந்த ஃபார்வர்டை (கோல் அடிக்கும் முன்வரிசை ஆளை) எடுக்கலாம் என்று இங்கே நாலைந்து இழைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். என்னால் அந்தப் பேச்சோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு ஃபார்வர்ட் வருகிறார், ஓரளவு கோலும் அடிக்கிறார், ஆனால் நம் கணக்கு மட்டும் ஏறுவதே இல்லை. அதனால் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். நம் அணியின் உண்மையான பலம் எது, உண்மையான பலவீனம் எது? மைதானத்துக்கு வந்து பார்ப்பவர்களும், கால்பந்து ஆடியவர்களும், பயிற்சி கொடுப்பவர்களும் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். 2022-23-ல் 20 ஆட்டங்களில் 27 புள்ளி, எட்டாவது இடம். 2023-24-ல் 22 ஆட்டங்களில் 27 புள்ளி, ஆறாவது இடம். 2024-25-ல் 24 ஆட்டங்களில் அதே 27 புள்ளி, பதினோராவது இடம். ஆறாவது இடம் பிடித்து பிளேஆஃப் போன வருடம் அணி எழுந்துவிட்டது என்று கொண்டாடினோம். பதினோராவது இடத்துக்குப் போனதும் எல்லாம் முடிந்தது என்று புலம்பினோம். உண்மையில் நாம் ஏறவும் இல்லை, சட்டென்று விழவும் இல்லை. ஆட்டங்கள் இரண்டிரண்டாகக் கூடின, புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. முதல் வருடம் தாமஸ் பிர்டாரிச் பயிற்சியாளர், அடுத்த இரண்டு வருடமும் ஓவன் கோய்ல். வீரர்களும் பாதிக்கு மேல் மாறிவிட்டார்கள். இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் அதே எண் வருகிறது என்றால், யாரும் தொடாத ஒரு இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் இந்த அணியை விட்டுப் போக முடியாமல் செய்கிறது. இந்த அணிக்கு ஆட்டத்தின் ஒரு கட்டத்தில் வேகம் பிடிக்கும். பிடித்துவிட்டால் எதிரே யார் நின்றாலும் தாங்க மாட்டார்கள். 2015 இறுதிப் போட்டி எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளத்தில் ஊர் மூழ்கி, அரையிறுதியின் நம் சொந்த மைதான ஆட்டத்தையே புனேவில் ஆட வேண்டி வந்த வருடம். கோவாவில் 87-வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கினோம். அப்புறம் கோவா கோல்கீப்பர் கையில் பட்டே பந்து வலைக்குள் போனது, அடுத்த ஓரிரு நிமிடத்தில் மென்டோசா அடித்தார், கோப்பை நம்முடையது. 2019 நவம்பரில் ஹைதராபாத்துடன் நேரு ஸ்டேடியத்தில் நடந்த ஆட்டமும் அப்படித்தான். அந்த சீசனில் அதுவரை நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி அடிக்கிறார், எதிரணி கார்னரில் சமன் செய்கிறது, பலர் படியிறங்க ஆரம்பித்துவிட்டார்கள், வால்ஸ்கிஸ் மறுபடி அடிக்கிறார். எங்கள் வரிசையில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் படியிலேயே நின்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

அதே சீசனின் அரையிறுதியில் கோவாவை 4-1 என்று வீழ்த்தினோமே, நம் நான்கு கோலும் இரண்டாம் பாதியில் வந்தவை. கோயன், தாப்பா, எலி சாபியா, சாங்தே. நால்வரில் இருவர் சென்டர் பேக்குகள், டிஃபென்ஸின் நடுவில் நிற்பவர்கள். 2018 இறுதிப் போட்டியிலும் பெங்களூருவில், அவர்கள் ரசிகர்கள் நடுவில், சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே அடித்த பிறகு, கார்னரிலிருந்து மைல்சன் இரண்டு முறை தலையால் முட்டி கோல் அடித்தார், கோப்பையும் நமக்கு வந்தது. செட் பீஸும் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி), பின்தங்கிய பிறகு வரும் ஆவேசமும் நம் சொத்து. இதை யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது பலவீனம். டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கிற ஆள். ஆறாம் நம்பர் என்று சொல்வார்களே, அந்த இடம்.

நேரு ஸ்டேடியத்தில் ஓட்டத் தடம் நடுவில் வருவதால் ஆட்டம் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். ஆனால் மேல் வரிசையில் உட்கார்ந்தால் டிவியில் காட்டாத ஒன்று தெரியும். டிவி பந்தின் பின்னால் ஓடும். மேலே இருந்து பார்த்தால் நம் நான்கு டிஃபெண்டர்களுக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவில் விழுகிற இடைவெளி பச்சையாகத் தெரியும். நம் லெஃப்ட் பேக் மேலே போயிருப்பார். வலப்பக்கம் பந்தை இழப்போம். எதிரணி ஒரே ஒரு பாஸ் கொடுக்கும். அந்த இடைவெளியில் தனியாக நிற்கும் ஆளிடம் பந்து போகும், அவர் நிதானமாகத் திரும்பி நிமிர்ந்து பார்ப்பார். இப்போது நம் சென்டர் பேக்குக்கு இரண்டே வழி. முன்னேறித் தடுக்கப் போனால் அவர் விட்டுவந்த இடத்துக்குப் பந்து போகும். பின்வாங்கினால் பாக்ஸுக்கு வெளியிலிருந்து ஷாட். கோல் விழுந்ததும் எல்லோரும் சென்டர் பேக்கைத் திட்டுவார்கள். எனக்கு அந்தப் பையன்கள் மேல் பரிதாபம்தான் வரும். தவறு பத்து கெஜம் முன்னாலேயே நடந்துவிட்டது.

நாம் நன்றாக ஆடிய வருடங்களைப் புரட்டிப் பாருங்கள், அந்த இடத்தில் யாராவது ஒருவர் நின்றிருப்பார். 2015-ல் மென்டோசா, ஏலானோ பெயர்களைத்தான் எல்லோரும் சொல்வோம், நடுவில் இத்தாலிக்காரர் மானுவேலே பிளாசி இருந்தார். 2017-18-ல் நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே போய் நிற்பார், பறிப்பார், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வருவார். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது யாரும் அவரைப் பற்றிப் பேச மாட்டார்கள், எல்லோரும் கோல் அடிக்கிற ஜேஜேவைப் பற்றிப் பேசுவார்கள். அந்த 2017-18 சீசனின் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஜேஜே இரண்டு, தனபால் ஒன்று. அடுத்த சீசன் முழங்கால் காயத்தால் தனபால் இல்லை. 18 ஆட்டங்களில் 13 தோல்வி, 9 புள்ளி, கடைசி இடம். நடப்பு சாம்பியன்!

2019-20-ல் கோய்ல் வந்த பிறகு எட்வின் சிட்னி வான்ஸ்பால் தாப்பாவோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்தார். சென்னை சிட்டி அணியில் ஐ-லீக் வென்றுவிட்டு வந்தவர். அந்த வருடமும் இறுதிப் போட்டிக்குப் போனோம்.

இன்னொரு விஷயம். ஐஎஸ்எல் தொடங்கிய காலத்தில் களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். பிறகு ஐந்து ஆனது, 2021-22 முதல் நான்குதான். அந்த நான்கு இடத்தையும் பல அணிகள் ஃபார்வர்ட், பிளேமேக்கர், சென்டர் பேக் என்றே செலவழிக்கின்றன. ஆக, ஆறாம் நம்பர் பெரும்பாலும் இந்தியராக இருந்தாக வேண்டும். அந்த இந்தியரை உருவாக்கினோமா? தேடினோமா? ஃபார்வர்டுக்காக உலகம் முழுக்கத் தேடுகிறோம், இந்த இடத்துக்கு மட்டும் கையில் இருப்பவரை வைத்துச் சமாளிக்கிறோம் என்பது என் எண்ணம்.

நான் சொல்வது சரியா? இல்லையென்றால் எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

ஷாலினி_தாம்பரம் எழுதியது:

லோகு அண்ணா, 27 புள்ளிக் கணக்கு நல்ல கண்டுபிடிப்பு. நான் ஒவ்வொரு சீசனையும் தனித்தனியாகவே பார்த்து வந்திருக்கிறேன், மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2018-19 சரிந்ததற்குத் தனபால் இல்லாதது ஒரு காரணம், சரி. அந்த வருடம் கேப்டன் செரினோவும்தான் இல்லை. ஜேஜே லீக் முழுவதும் ஒரே ஒரு கோல்தான் அடித்தார். முந்தைய வருடம் அணியைத் தூக்கி நிறுத்திய ஆள் ஒரு கோலோடு நின்றால் எந்த அணியும் விழும். அதற்கு நடுவில் நிற்பவரைக் குறை சொல்லி என்ன பயன்?

2020-21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவால் கோவா பபிளில், ரசிகர்கள் இல்லாமல் நடந்த சீசன், எல்லா ஆட்டத்தையும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். 20 ஆட்டங்களில் 11 டிரா! அடித்தது மொத்தமே 17 கோல். டிஃபென்ஸ் மோசமில்லை, நடுவிலும் ஆள் இருந்தார்கள், அடிக்கத்தான் ஆள் இல்லை. அந்த 11 டிராவில் நான்கை வென்றிருந்தால் எட்டுப் புள்ளி கூடியிருக்கும். எங்கள் வீட்டில் அப்பா ஒவ்வொரு ஆட்டத்திலும் எண்பதாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார், "இனிமே ஒண்ணும் நடக்காதும்மா" என்று. நான் மட்டும் கடைசி விசில் வரை உட்கார்ந்திருப்பேன்.

2024-25-ஐயும் பாருங்கள். கானர் ஷீல்ட்ஸ் லீக்கிலேயே அதிக வாய்ப்புகளை உருவாக்கியவர்களில் முன்வரிசையில் இருந்தார். அவர் வலப்பக்கம் பந்தை எடுத்து உள்ளே வெட்டி, இரண்டாவது போஸ்ட்டுக்குப் போடும் கிராஸை எத்தனை முறை பார்த்தோம்! போய்ச் சேர்க்க ஆள் இல்லாமல் எத்தனை பந்து கோட்டைத் தாண்டிப் போனது? அதைப் பார்த்த பிறகும் பிரச்சினை பின்னால் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என்னைக் கேட்டால் பெரிய பலவீனம் இன்னொன்று. நல்ல இந்திய வீரர்களை நம்மால் வைத்துக்கொள்ள முடிவதில்லை. சாங்தே நம்மிடமிருந்து மும்பைக்குப் போய் இந்திய அணியின் முக்கிய ஆளாகிவிட்டார். விஷால் கைத் கொல்கத்தா போன முதல் சீசனிலேயே கோல்டன் க்ளவ் (சிறந்த கோல்கீப்பர் விருது) வாங்கினார். பதினெட்டு வயதில் வந்த தாப்பா இங்கேயே வளர்ந்து, கேப்டனாகி, 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். ஒரு கோல்கீப்பர், ஒரு மிட்ஃபீல்டர், ஓரத்தில் ஓடி ஆடுகிற ஒரு விங்கர். இந்த மூன்று பேரும் ஒரே அணியில் தொடர்ந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

லோகு_பெரம்பூர் எழுதியது:

ஷாலினி, மூன்று பேரையும் இழந்ததைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தாப்பா போன அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் 2020-21-ஐ நீங்களே எடுத்ததால் அதையே வைத்துப் பேசுவோம். அந்த வருடம் நாம் வாங்கிய கோல் 23. மேமோ பல ஆட்டங்களில் டிஃபென்ஸுக்கு முன்னால் நின்றார், உயரமான ஆள், வருகிற பந்தையெல்லாம் தலையால் வெட்டுவார். மேலே பிளேமேக்கர் கிரிவெல்லாரோ காயத்தில் போனதும் படைக்க ஆள் இல்லாமல் 17 கோலோடு நின்றோம். எட்டாவது இடம்.

இரண்டு வருடம் கழித்து 2022-23. எல் கயாத்தி வந்தார், ஸ்லிஸ்கோவிச் வந்தார். அதே 20 ஆட்டங்களில் 36 கோல் அடித்தோம். இரண்டு மடங்குக்கும் மேல்! நீங்கள் கேட்ட ஃபார்வர்ட் லைன் கிடைத்துவிட்டது. வாங்கிய கோல் எத்தனை? 37. இடம்? அதே எட்டு. புள்ளி ஏழு கூடியது, அவ்வளவுதான். 17 கோல் அடித்தாலும் எட்டாவது, 36 கோல் அடித்தாலும் எட்டாவது என்றால் கோல் அடிப்பவரை மட்டும் தேடிக்கொண்டிருப்பதில் என்ன அர்த்தம்?

எல் கயாத்தி கால் பட்ட பந்தெல்லாம் அழகு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்த சீசனை மைதானத்தில் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நாம் ஒன்று அடித்ததும் எதிரணி நடுவழியாக நேராக வரும். அடுத்த கோலை யார் அடிப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

ஷீல்ட்ஸ் கிராஸ் பற்றிச் சொன்னீர்கள். அதையும் இதே கண்ணோடு பாருங்கள். கிராஸ் போனதும் எதிரணி தலையால் வெளியே தள்ளுகிறது. அந்த செகண்ட் பால் பாக்ஸுக்கு வெளியே விழுகிறது. அங்கே நம் ஆள் நின்றால் மறுபடி தாக்குதல், இல்லையென்றால் அவர்கள் கவுன்ட்டர், அதாவது எதிர்த்தாக்குதல். பெரிய அணிகள் எதிரணியை மூச்சுவிடாமல் வைத்திருப்பது இந்த செகண்ட் பாலில்தான். முதல் கிராஸில் கோல் விழாவிட்டால் மூன்றாவது கிராஸில் விழும். நமக்கு அந்த மூன்றாவது கிராஸ் கிடைப்பதே இல்லை.

கோச்_மூர்த்தி எழுதியது:

லோகு தம்பி, ஷாலினி அம்மா, இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் வடசென்னையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். ஒரு காலத்தில் சென்னை லீக்கில் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டராக ஆடியவன். அதனால் தம்பி கேட்டதில் ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: அந்த ஆறாம் நம்பர் ஏன் கிடைப்பதில்லை.

நம் ஊரில் திறமைக்குப் பஞ்சமில்லை. வியாசர்பாடி, பெரம்பூர், ஐசிஎஃப் பக்கமெல்லாம் மாலை ஐந்து மணிக்கு எந்தத் திடலுக்குப் போனாலும் பந்து உருண்டுகொண்டிருக்கும். நந்தகுமார் சேகர் சென்னைப் பையன்தான். டெல்லி, ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் என்று ஆடி, 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த கோலைக் கொல்கத்தாவே கொண்டாடியது. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் வந்தார். ஆனால் கவனியுங்கள், இருவரும் விங்கர்கள். நம் மாநிலத்திலிருந்து மேலே போகிறவர்களில் விங்கர்தான் அதிகம். காரணம் நம் திடல்கள்.

எங்கள் பையன்கள் ஆடுவது சின்ன இடம். ஃபைவ்ஸ், செவன்ஸ் டோர்னமென்ட்தான் அதிகம். மண் தரை, பந்து எங்கே எகிறும் என்று தெரியாது. அங்கே இரண்டு பேரைக் கடந்து போகிற பையனுக்குத்தான் கைதட்டல், அவனுக்குத்தான் பெஸ்ட் ப்ளேயர் கோப்பை. நின்று, பார்த்து, பந்தைப் பறித்து, எளிதாக ஒரு பாஸ் கொடுக்கிறவனை யாரும் கவனிப்பதில்லை. அவனுடைய அம்மாகூட, "என்னடா, நீ ஒரு கோல்கூட அடிக்கல?" என்றுதான் கேட்பார். அப்புறம் அவனும் விங்குக்கு ஓடிவிடுவான்.

ட்ரையல்ஸிலும் அதே கதை. நூற்றுக்கணக்கில் பையன்கள் வருவார்கள், ஆளுக்குப் பதினைந்து இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. யாரும் யாருக்கும் பழக்கமில்லாத அணி. ஃபார்வர்ட் அந்த நேரத்தில் ஒரு கோல் அடித்துக் கண்ணில் பட்டுவிடலாம். ஆறாம் நம்பருக்கு அது முடியாது. அவன் வேலை, முன்னால் நிற்கும் இருவரும் பின்னால் நிற்கும் நால்வரும் எப்படி நகர்வார்கள் என்று தெரிந்து அதற்கேற்ப நிற்பது. முன்பின் தெரியாத பத்துப் பேரோடு இருபது நிமிடத்தில் அதை எப்படிக் காட்டுவான்?

இந்த இடத்தில் ஆடுகிறவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி மாதிரி இருக்க வேண்டும் என்று பையன்களிடம் சொல்வேன். கை கீரையை ஆய்ந்துகொண்டிருக்கும், தெருவில் யார் வருகிறார், யார் போகிறார் என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். அதைப் பழக்க ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். பையன் நடுவில் நிற்பான், எதிரே ஒருவன் பந்தை பாஸ் செய்வான். பந்து உருண்டு வருகிற நேரத்தில் பையன் முதுகுக்குப் பின்னால் நின்று நான் விரல்களைத் தூக்கிக் காட்டுவேன். பந்து அவன் காலில் படுவதற்குள் எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பந்தைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆரம்பத்தில் எல்லோரும் பந்தையே முறைத்துக்கொண்டு நிற்பார்கள். சில வாரத்தில் தலை தானாகத் திரும்ப ஆரம்பிக்கும். பிறகு விரலுக்குப் பதில் இரண்டு பக்கமும் கலர் பனியன் போட்ட பையன்களை நிறுத்துவேன். எந்தக் கலர் கிட்டே வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி பாஸ் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய மைதானமோ வெளிநாட்டுக் கருவியோ வேண்டாம். பொறுமை ஒன்றுதான் வேண்டும்.

முன்பு இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐசிஎஃப் மாதிரி அலுவலக அணிகள் பலமாக இருந்தபோது இந்த வகை ஆட்டக்காரர்கள் வளர இடம் இருந்தது. வேலையும் கிடைக்கும், ஒரே அணியில் ஒரே ஆட்களோடு பல வருடம் ஆடுவார்கள். சேர்ந்து ஆடி ஆடித்தான் ஆறாம் நம்பர் உருவாகிறான். 2022-ல் சென்னையின் பயிற்சியாளர் பாண்டோவிச் போன பிறகு சையது சாபிர் பாஷா இடைக்காலப் பயிற்சியாளராக இருந்தாரே, அவர் இந்தியன் வங்கி அணியிலிருந்து வந்தவர். நம் லீக் ஆட்டக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவரைப் போன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே லோகு தம்பி சொல்வது என் கண்ணுக்குச் சரி. ஷாலினி அம்மா சொல்வதும் அதோடு முட்டவில்லை. வருடா வருடம் அணியின் பாதி மாறினால் மற்ற எந்த இடத்தைவிடவும் அதிகம் அடிபடுவது இந்த இடம்தான். புதிதாக வந்த ஸ்ட்ரைக்கர் முதல் ஆட்டத்திலேயே கோல் அடிக்கலாம். புதிதாக வந்த ஆறாம் நம்பருக்கு, லெஃப்ட் பேக் எப்போது மேலே ஓடுவான் என்று தெரியவே பாதி சீசன் ஆகும். தெரிந்து முடிக்கும்போது அந்த லெஃப்ட் பேக் வேறு ஊருக்குப் போயிருப்பான்.

ஃபைசல்_ராயப்பேட்டை எழுதியது:

கோச் சார், படித்துவிட்டு என் தம்பியிடம் காட்டினேன். ஸ்கூல் டீமில் அவன் அந்த இடத்தில்தான் ஆடுகிறான், விங்குக்கு மாறப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது விரல் பயிற்சியை மாடியில் என்னோடு செய்கிறான்.

ஒரு கேள்வி. 2025-ல் லீக் நடக்குமா நடக்காதா என்றே தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தோம், கிளப் வேலைகளையே நிறுத்தி வைத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில்தான் க்ளிஃபோர்ட் மிராண்டா பயிற்சியாளராக வந்தார். ஒடிசாவுக்கு 2023 சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், மிட்ஃபீல்டில் ஆடிய ஆள், இந்திய வீரர்களை உள்ளும் புறமும் அறிந்தவர். இந்தியப் பயிற்சியாளர் என்றால் இந்த இடத்துக்கு நம் பையன்களைத் தேடுவார்களா? இல்லை, அதுவும் பணத்தைப் பொறுத்துத்தானா?

கோச்_மூர்த்தி எழுதியது:

ஃபைசல் தம்பி, உங்கள் தம்பியை விங்குக்கு விடாதீர்கள். இடது காலாலும் பாஸ் கொடுக்கப் பழகட்டும், இரண்டு பக்கமும் திரும்பத் தெரிந்தவனைத்தான் இந்த இடத்தில் வைப்பார்கள்.

பயிற்சியாளர் எந்த ஊர்க்காரர் என்பதைவிட, எத்தனை வருடம் இருப்பார் என்பதுதான் என் கவலை. பணம் வேண்டும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதினேழு வயதுப் பையனைச் சேர்த்து, ரிசர்வ் அணியில் இரண்டு வருடம் ஒரே இடத்தில் ஆட வைக்க ஸ்ட்ரைக்கருக்குக் கொடுக்கிற சம்பளம் தேவையில்லை. அந்தப் பையன் கொஞ்சம் முன்னால் ஆடும் எட்டாம் நம்பருக்குப் போகிறான், ரைட் பேக்குக்குப் போகிறான் என்று இடம் மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. எட்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே ஆள் குறைந்தாலும் அவரை அங்கே நிறுத்துவார்கள், அவரும் முகம் சுளிக்காமல் ஆடுவார். அணிக்கு அது வசதி. ஆனால் அவர் நடுவிலேயே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் பல முறை நினைத்திருக்கிறேன்.

ஷாலினி_தாம்பரம் எழுதியது:

கோச் சார், நீங்கள் கடைசியில் சொன்னது, ஆட்கள் மாறினால் அதிகம் அடிபடுவது இந்த இடம்தான் என்பது, எனக்கு இதுவரை தோன்றாத விஷயம். ஃபார்வர்ட் பற்றிய என் கருத்தை இன்னும் விடவில்லை, ஷீல்ட்ஸ் கிராஸ்கள் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் அடுத்த முறை ஸ்டேடியத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆறாம் நம்பர் சரியாக ஆடுகிறாரா என்று என்னைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

கோச்_மூர்த்தி எழுதியது:

எளிதுதான் அம்மா. முதல் பதினைந்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள், அவரை மட்டும் பாருங்கள். நாம் தாக்கும்போது எதிரணியில் மேலே நிற்கும் ஆளுக்குப் பக்கத்தில் நிற்கிறாரா, அல்லது தானும் பாக்ஸை நோக்கி ஓடுகிறாரா? ஃபுல் பேக் இருவரில் ஒருவர் ஏறினால் இவர் அந்தப் பக்கம் சாய்கிறாரா? பந்தை இழந்த நொடியில் முதல் இரண்டு அடியை முன்னால் வைக்கிறாரா, பின்னால் வைக்கிறாரா? பந்து வருவதற்கு முன் தலை திரும்புகிறதா? இந்த நான்கையும் பார்த்தால் போதும். தாளில் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது, மனசு கோலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

லோகு_பெரம்பூர் எழுதியது:

நன்றி கோச் சார், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஷாலினி, அடுத்த ஹோம் மேட்சுக்கு நான் மேல் வரிசையில்தான் இருப்பேன். முதல் பாதியில் நான் ஆறாம் நம்பரைக் குறிக்கிறேன், நீங்கள் பாக்ஸுக்குள் போகும் கிராஸ்களைக் குறியுங்கள், எத்தனை முறை நம் ஆள் போய்ச் சேர்ந்தார், எத்தனை முறை செகண்ட் பால் அவர்களிடம் போனது என்று. இரண்டாம் பாதியில் மாற்றிக்கொள்வோம். இரண்டு தாளையும் படம் எடுத்து இந்த இழையிலேயே போடுகிறேன். ஃபைசல், தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்க.